ஒன்பதாம் வகுப்பு ‘சி’யின் அமைதி

பேரணாம்பட்டில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஹேமலதா கணக்கு ஆசிரியையாக வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு ‘சி’ பிரிவை எடுக்க யாரும் தயாராக இல்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர் ஒருநாள் பாடத்துக்கு நடுவில் சாக்பீசை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவர் பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வகுப்புக்குக் கணக்குப் பாடமே நடக்கவில்லை.

தலைமையாசிரியர் ஆபேல் சார் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “கை வைக்கக் கூடாதும்மா. வெச்சா நாளைக்கு நம்ம தலைதான் உருளும். அடிக்காம இவங்கள உக்கார வைக்க முடியுமான்னு பாருங்க. பாடம் அப்புறம்.”

உட்கார வைப்பது ஹேமலதாவுக்குப் பழகிய வேலை.

திமிரிக்குப் பக்கத்தில் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம் அவளுடையது. அப்பா சுந்தரமூர்த்தி அவளைக் கணிதத்தில் பட்டம் வரை படிக்க வைத்தார். படித்த படிப்புக்கு வேலை அமையவில்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். படித்த பெண் என்பதால் மிஷினில் உட்கார வைக்காமல், ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைன் ஒன்றுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவளைவிட மூத்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். ஹேமலதா குரலை உயர்த்தியதே கிடையாது. பேச்சுச் சத்தம் கேட்கிற இடத்துக்குப் போய் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்பாள். “மேடம் நிக்கிறாங்க” என்று ஒருத்தி முணுமுணுப்பாள், தலைகள் குனிந்துவிடும். வெளியே போக வேண்டியவர்கள் கை தூக்கிவிட்டு, அவள் தலையசைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவள் லைன் டார்கெட் தவறிய நாள் அபூர்வம்.

கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு பி.எட். படித்தாள். தகுதித் தேர்வும் எழுதித் தேறினாள். புருஷன் ஜெயசீலன் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தான். ஆம்பூரில் குடியிருந்துகொண்டு, காலையில் பேரணாம்பட்டு பஸ் பிடித்து வருவாள்.

‘சி’ பிரிவுக்குள் அவள் நுழைந்த முதல் நாள் யாரும் எழுந்திருக்கவில்லை. பின் பெஞ்சில் ஃபைஸான் என்கிற உயரமான பையன் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஹேமலதா ஒன்றும் சொல்லாமல் போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். தாளம் கொஞ்ச நேரம் போனது, தயங்கியது, நின்றது. மறுநாள் அவனைக் கதவோரம் முதல் பெஞ்சுக்கு மாற்றினாள். தோஸ்துகளைப் பிரித்துப் போட்டாள். கை மேசைமேல் இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, எழுதும்போது கேள்வி கேட்கக் கூடாது, பாத்ரூமுக்கு இன்டர்வெல்லில்தான் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினாள். ஒரு மாதம் போவதற்குள் வகுப்பு அடங்கிவிட்டது.

ஆபேல் சார் பக்கத்து வகுப்பு ஜெயபுஷ்பம் டீச்சரைக் கூட்டிவந்து ஜன்னல் வழியாகக் காட்டினார். “ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது பாருங்க டீச்சர்.”

அன்றைக்கு ஹேமலதாவுக்கு உள்ளுக்குள் பூரித்தது. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியபோதுதான் ஒரு சின்ன உறுத்தல். எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்புச் செய்திருந்தார்கள். கரும்பலகையில் இருந்தது அப்படியே நோட்டில் இருந்தது. கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிவிட்டால் ஒருவருக்கும் வரவில்லை. இன்னும் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தேர்வு வைக்க ஆரம்பித்தாள்.

அது நடந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

தேர்வு என்றால் பைகளையெல்லாம் வராண்டாச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, பேனாவும் அட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். கேள்விகளைப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு ஹேமலதா வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். வெளியே மழை மூட்டம். அப்படிப்பட்ட நாளில் தோல் பதனிடும் ஷெட்டுகளின் நெடி கீழே இறங்கி ஊர்மேல் உட்கார்ந்துவிடும். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது பெஞ்சில் ஆஃப்ரீன் கை தூக்கினாள். ஹேமலதா கண்ணாலேயே இறக்கச் சொன்னாள். கை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்கினாள்.

“எழுதும்போது கேள்வி கிடையாது. கைய எறக்கு.”

“மிஸ்…”

“ஆஃப்ரீன்.”

அவ்வளவுதான் சொன்னாள். லைனில் அந்தத் தொனிக்கு மறுபேச்சு இருந்ததில்லை. ஆஃப்ரீன் கையை இறக்கிவிட்டுத் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹீனாவைப் பார்த்தாள். ஹேமலதாவோ ஆஃப்ரீனின் கண் போன திசையைப் பார்த்தாளே ஒழிய, அங்கே இருந்ததைப் பார்க்கவில்லை. காப்பியடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். திரும்பி நடந்தாள். எங்கோ விசில் ஊதுகிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது. எந்தப் பையன் வாயால் விளையாடுகிறான் என்று பின்வரிசையை முறைத்தாள்.

அப்போது முதல் பெஞ்சில் இருந்து ஃபைஸான் எழுந்தான். அனுமதி கேட்கவில்லை. கதவைத் தாண்டி வெளியே போனான்.

“ஃபைஸான், நில்லு.”

அவன் நிற்கவில்லை. வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது. இன்றைக்கு இவனை விட்டால் இத்தனை மாத உழைப்பும் போய்விடும் என்று தோன்றியது. எட்டி நடந்து வராண்டாவுக்குப் போனாள். ஃபைஸான் குனிந்து பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடிக்கொண்டிருந்தான். நீலப் பை ஒன்றை எடுத்து ஜிப்பை இழுத்தான். ஹேமலதா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“பொண்ணுங்க பையில இன்னாடா தேடுற?”

“வுடுங்க மிஸ்.”

“வெச்சிட்டு உள்ள போ.”

“வுடுங்க மிஸ். ஹீனாவுக்கு மூச்சு வரல.”

அவள் கை விட்டதா, அவன் உதறிக்கொண்டு போனானா என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. அவள் வாசலுக்கு வந்தபோது ஹீனா மேசைமேல் கவிழ்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. அந்த விசில் சத்தம் அவள் தொண்டையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உதடு வெளிறி நீலம் பாய்ந்திருந்தது. ஆஃப்ரீன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, சத்தமில்லாமல் அழுதாள். அந்த நிலைமையிலும் அவள் சத்தம் போடவில்லை. வகுப்பில் ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை.

ஃபைஸான் நீட்டிய இன்ஹேலரை ஆஃப்ரீன் வாங்கி, மூடியைக் கழற்றிக் குலுக்கி, ஹீனாவின் வாயில் வைத்து அழுத்தினாள். இழுக்கத் தெம்பில்லை. மருந்து புகையாக வெளியே வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி.

“ஜெயபுஷ்பம் டீச்சர்” என்று ஹேமலதா கத்தினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர் ஓடிவர, இருவருமாக ஹீனாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். ஆஃப்ரீனும் ஏறிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், உப்புத் தோல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் எடுக்கத் தெரியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் இறங்கிப்போய்க் கத்தினார். ஹீனாவின் விரல்கள் ஹேமலதாவின் முந்தானையைப் பிடித்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பிடி இறுகியது. ஒரு தடவை இறுகாமல் இருந்தது. ஹேமலதா அவள் கன்னத்தைத் தட்டினாள். மறுபடி இறுகியது. லாரி நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைப் போட்டு மருந்தைப் புகையாகச் செலுத்தினார்கள். கையில் ஊசி போட்டார்கள். டாக்டர் திரும்பி ஹேமலதாவைக் கேட்டார்: “எப்பலருந்து இப்படி இருக்கா?”

அவளுக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை நேரமும் அதே அறையில்தான் இருந்தாள்.

“கேள்வி எழுதிப்போட்டப்பவே ஆரம்பிச்சிட்ச்சு சார்” என்றாள் ஆஃப்ரீன்.

ஹேமலதா சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆபேல் சார் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவளை வெளி வாசலுக்குக் கூப்பிட்டார்.

“புள்ளைக்கு ஒன்னும் ஆபத்து இல்லன்றாங்க. கர்த்தர் புண்ணியம். அம்மா வந்துனு இருக்காங்களாம். அவங்க கேட்டா, பொண்ணு உங்ககிட்ட சொல்லலன்னு சொல்லிடுங்க.”

“சார், பக்கத்துல இருந்த பொண்ணு கை தூக்கினா.”

“கை தூக்கினா. வாயத் தொறந்து சொல்லலியே. அது உண்மைதானேம்மா. பேப்பர்காரன் வரைக்கும் போவாம பாத்துக்கணும். உங்களுக்கும் அதான் நல்லது.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிற அவசரம் அவருக்கு. ஹேமலதா தலையாட்டினாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு மாதிரிதான் இருந்தது.

ஹீனாவின் அம்மா கம்பெனியிலிருந்து நேராக வந்தாள். நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தோளில் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மகளைப் பார்த்து, நெற்றியைத் தடவி, காதோரம் குனிந்து உருதுவில் ஏதோ சொன்னாள். பிறகு திரும்பினாள். அவளும் ஹேமலதாவும் ஒருவரையொருவர் பார்த்து நின்றுவிட்டார்கள்.

“ஹேமா மேடமா?”

முபீனா. லைனில் கடைசிக்கு முந்தின மிஷின். கை வேகத்துக்குப் பேர் போனவள். ஹீனா முபீனாவின் மகள் என்று ஹேமலதாவுக்கு இதுவரை தெரியாது. வகுப்பில் யாருடைய வீட்டைப் பற்றியும் அவள் கேட்டதில்லை.

“நீங்களா மேடம் இவ மிஸ்ஸு? இன்னா ஆச்சு மேடம்? பையிலதானே மூச்சுக்கு இழுக்கற பஃப் வெச்சி அனுப்சேன். இவ ஏன் எடுக்கல?”

ஆபேல் சார் தொண்டையைச் செருமினார். “அம்மா, பொண்ணு டீச்சர்கிட்ட ஒன்னும்…”

“சொன்னாங்க” என்றாள் ஹேமலதா. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. “பக்கத்துல இருந்த பொண்ணு ரெண்டு வாட்டி கை தூக்கினா. நாந்தான் எறக்கச் சொன்னேன். பை வெளிய இருந்துச்சி. வெளிய போவ நான் வுடமாட்டேன்னு பயந்துனு இருந்திருக்காங்க.”

முபீனா அழுவாள், ஏசுவாள் என்று ஹேமலதா காத்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

“லைன்லயும் அப்படித்தானே மேடம்” என்றாள் முபீனா, அடங்கின குரலில். “ஒன்னுக்குப் போவணும்னு கை தூக்கினா, பீஸ் முடியட்டும்னு கண்ணு காட்டுவீங்க. நாங்க அடக்கிக்கினோம். மூச்ச எப்படி மேடம் அடக்குவா?”

அதற்கு மேல் அவள் ஹேமலதாவின் பக்கம் திரும்பவில்லை.

அந்தச் சனி ஞாயிறு முழுக்க ஹேமலதா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஜெயசீலனிடம் சொன்னாள். அவன் சமாதானம் சொல்லப் பார்த்துத் தோற்று, கடைசியில் கேட்டான்: “நீ வுட்டா அடுத்து யார் வருவாங்க அந்த க்ளாஸுக்கு?”

“யாராவது வருவாங்க.”

“ஆபேல் சார் அவங்ககிட்டயும் அதே அமைதியதானே கேப்பாரு” என்றான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆனால் திங்கட்கிழமை பஸ் ஏறினாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் நுழையும்போதே, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஃபைஸான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. தேர்வு நேரத்தில் எழுந்து போனதற்கும், டீச்சர் கையை உதறியதற்கும் தண்டனை. அப்பாவைக் கூட்டிவரும்வரை வகுப்பில்லை. ஹேமலதா நேரே உள்ளே போனாள்.

“அவன உள்ள அனுப்புங்க சார்.”

“ஏம்மா, நீங்களே இடம் குடுத்தா எப்படி? இன்னிக்கி உதறுவான். நாளிக்கி கை ஓங்குவான். ஆஸ்பத்திரியில நான் சொன்னதக் கேக்கல. இதையும் கேக்க மாட்டீங்களா?”

“அவன் எழுந்து போவலன்னா அந்தப் பொண்ணு இல்ல சார்.”

ஆபேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கூட்டினு போங்க. ஆனா இனிமே அந்த க்ளாஸ்ல எது நடந்தாலும் உங்க பொறுப்பு.”

வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. கைகள் மேசைக்கு ஏறின. ஹீனாவின் இடம் காலியாக இருந்தது. வரும் வழியெல்லாம் பேச நினைத்து வைத்திருந்தது எதுவும் ஹேமலதாவுக்கு நினைவு வரவில்லை.

“வெள்ளிக்கிழம நான் செஞ்சது தப்பு” என்றாள். “ஆஃப்ரீன், ஃபைஸான், உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேக்குறேன். இனிமே வெளிய போவணும்னா போங்க. என்னைக் கேக்க வேணாம். பை உங்க காலடியிலயே இருக்கட்டும். சந்தேகம்னா எப்ப வேணா கேளுங்க.”

யாரும் அதை நம்பவில்லை. முதல் நாள் ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் நாள் அபினேஷ் என்கிற பையன் வேண்டுமென்றே எழுந்து போய்விட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பாடத்தைத் தொடர்ந்தாள். அதன்பிறகு அணை உடைந்தது. பாதி வகுப்பு வராண்டாவில், மீதி பேச்சில். பலகையில் எழுதத் திரும்பினால் காகித உருண்டை முதுகில் விழுந்தது. கேள்வி கேளுங்கள் என்றால், “மிஸ், உங்க ஊர் எது?” “மிஸ், சாப்டீங்களா?” என்று கேட்டார்கள். ஜெயபுஷ்பம் டீச்சர் ஒரே பீரியடில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

“என் புள்ளைங்களுக்கு நான் பேசறதே கேக்கல ஹேமா. பேஜாரா இருக்கு. நல்லா வெச்சிருந்தியே, ஏன் கெடுத்துக்கிற?”

பழைய அமைதியைத் திரும்பக் கொண்டுவர ஹேமலதாவுக்கு ஒரு பீரியட் போதும். முதுகுக்குப் பின்னால் போய் நின்றால் முடிந்தது. ஒருநாள் சத்தம் தாங்காமல் அப்படியே போய் நிற்கவும் செய்தாள். சட்டென்று வரிசை முழுதும் தலை குனிந்தது. அன்றுதான் ஹீனா திரும்பி வந்திருந்தாள். மற்றவர்களோடு அவளும் குனிந்தாள். கை மட்டும் மேசைக்கடியில் பையைத் துழாவியது. ஹேமலதா அங்கிருந்து நகர்ந்து முன்னால் வந்துவிட்டாள்.

வழி ஒன்றும் திட்டம் போட்டுக் கிடைக்கவில்லை. ஒரு மதியம், இயற்கணிதத்தில் அடைப்புக்குறியை நீக்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலச் சலசலப்பு. நடு வரிசையில் நெல்வின் கேட்டான்: “மிஸ், மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் பிளஸ் வருது?”

சிரிப்பு வெடித்தது. “டேய், அது ஏழாங்கிளாஸ் கணக்குடா” என்றான் அபினேஷ். நெல்வின் முகம் சிவந்து உட்காரப் போனான்.

“அபினேஷ், ஏன் வருது?” என்றாள் ஹேமலதா.

“அது ரூல் மிஸ்.”

“ஏன் அந்த ரூல்?”

அவன் விழித்தான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் அந்த ஃபேன் சத்தத்துக்கடியில் இவர்கள் எதைப் புரிந்துகொண்டு எழுதினார்கள் என்று நினைத்தபோது அவளுக்குத் திக்கென்றது. பாடத்தை அழித்தாள். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு என்று எழுதினாள். அதற்குக் கீழே இரண்டை, அப்புறம் ஒன்றை, அப்புறம் பூஜ்யத்தை. மைனஸ் ஆறு, மைனஸ் நான்கு, மைனஸ் இரண்டு, பூஜ்யம் என்று விடைகள் இறங்கி நின்றன. அதற்கும் கீழே மைனஸ் ஒன்றை எழுதி, விடைக்குக் கேள்விக்குறி போட்டாள்.

“நான் சொல்லப் போறதில்ல. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. சும்மா சொன்னா ஒத்துக்க மாட்டேன், ஏன்னு சொல்லணும்.”

ஃபைஸான் உட்கார்ந்தபடியே சொன்னான்: “மைனஸ் ரெண்டு. சைபர்ல முட்டினா திரும்பிதான் ஆவணும்.”

“ஏன் திரும்பணும்?” என்றான் நெல்வின். “இவ்ளோ நேரம் ஏறிக்கினுதானே வந்துது?”

“சைபருக்கு அந்தாண்ட எங்கடா ஏறும்?”

“பிளஸ் இருக்குதே.”

ஃபைஸான் எழுந்துபோய் சாக்பீசை வாங்கிக்கொண்டான். பலகையில் ஒரு கோடு போட்டு, நடுவில் பூஜ்யத்தைக் குறித்தான். அபினேஷ் பின்னாலிருந்து ஓடிவந்து கோட்டின் வலப்பக்கத்தை நீட்டினான். பின் பெஞ்சுகள் எழுந்து நின்றன. வராண்டாவில் இருந்தவர்கள் என்ன சண்டை என்று பார்க்க உள்ளே வந்து, அவர்களும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மேசையைத் தட்டினார்கள். இது கையை மீறிப் போகிற சத்தமா இல்லையா என்று ஹேமலதாவுக்கே தெரியவில்லை.

ஆபேல் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரே கணத்தில் வகுப்பு செத்துப்போன மாதிரி ஆனது. ஃபைஸான் கையில் சாக்பீசோடு சிலையாக நின்றான். எல்லார் கண்ணும் ஹேமலதாமேல் இருந்தது. உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆபேல் சாருக்குத் திருப்தி. அவள் வேலைக்கும் பாதுகாப்பு. அவள் பலகைப் பக்கம் திரும்பினாள்.

“ஃபைஸான், நீ சொல்லினு இருந்தத முடி.”

அவன் தலைமையாசிரியரைப் பார்த்தான். “இல்ல மிஸ்…”

“முடி.”

“சைபர்ல… திரும்பும்னு சொன்னேன் மிஸ்.” குரல் உள்ளே போய்விட்டது.

ஆபேல் சார் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் பேசமாட்டார்கள், இதோடு முடிந்தது என்று ஹேமலதா நினைத்தபோது, மூன்றாவது பெஞ்சிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“திரும்பாது மிஸ்.” ஹீனா. எழுந்து நிற்கவில்லை. “ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு ரெண்டா ஏறுது. சைபர்ல மட்டும் ஏன் மாறணும்? அடுத்தது பிளஸ் ரெண்டு.”

“அப்டின்னா அதுக்கடுத்தது நாலா?” என்றான் ஃபைஸான், ஒத்துக்கொள்ள மனமில்லாமல்.

“நாலுதான்.”

அவன் பலகையைப் பார்த்தான். மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தான். கேள்விக்குறியை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினான். கீழே நான்கு, அதற்குக் கீழே ஆறு. “சரியாத்தான் வருது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாக்பீசைக் கொடுத்தான்.

மணி அடித்ததும் ஆபேல் சார் எழுந்து போனார். சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு எதிரே ஹேமலதா நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

“சத்தம் ஜாஸ்தி. ஜெயபுஷ்பம் டீச்சர் எழுதியே குடுத்துட்டாங்க.”

“புள்ளைங்க கேள்வி கேட்டாங்க சார்.”

“பாத்தேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்த ரூம அவங்ககிட்டயிருந்து எடுத்துடறேன்.”

வகுப்பையே எடுத்துவிட்டார் என்று நினைத்து அவள் திரும்பி நடந்தாள். வாசலை எட்டியபோதுதான் மீதியைச் சொன்னார். “தண்ணி டாங்க் பக்கத்துல பழைய கட்டடம் காலியாத்தான் கெடக்குது. அங்க போயி கத்துங்க. அரையாண்டுல ரிசல்ட் வரலன்னா நான் ஒன்னும் பண்ண முடியாதும்மா. இப்பவே சொல்லிட்டேன்.”

மறுநாள் பிள்ளைகள் பெஞ்சுகளை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டடத்தில் மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். ஜன்னலுக்குக் கம்பி மட்டும்தான், கதவு கிடையாது. காற்று தாராளமாக வந்துபோனது ஹீனாவுக்கு நல்லதாகப் போயிற்று. ஹேமலதா தினமும் ஒரு தப்பான கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, எங்கே தப்பு என்று சண்டை போட விட்டாள். சில நாள் அது நடந்தது. சில நாள் வெறும் கூச்சலாகவே முடிந்தது. அப்படியான நாளில் பஸ்ஸில் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு, தான் செய்வது சரிதானா என்று நினைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

அரையாண்டில் காலாண்டைவிட நிறையப் பேர் தேறினார்கள். நெல்வின் தேறினான். ஹீனா தேறினாள். அபினேஷ் கொஞ்சத்தில் தவறவிட்டான். ஃபைஸான் தேறவில்லை, ஆனால் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதியிருந்தான். தப்பான விடைகளுக்குக்கூட ஏன் என்று ஓரத்தில் காரணம் எழுதியிருந்தான். ஆபேல் சார் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு “ம்” என்றார். வகுப்பை அவளிடமிருந்து எடுக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு முபீனா வந்தாள். பழைய கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஹேமலதா எழுந்து நின்றாள். இருவருக்கும் நடுவில் அந்த வெள்ளிக்கிழமை இருந்தது. அதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

“வீட்ல ஓயாம பேசறா” என்றாள் முபீனா. “தம்பிகூட எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு சண்ட. எனக்குத் தல வலிக்குது.”

மன்னித்துவிட்டாள் என்று அதற்குப் பொருள் கொள்ள ஹேமலதாவுக்குத் துணிச்சல் வரவில்லை. முபீனா அவள் நீட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் எதில் கம்மி என்று கேட்டாள். ஹேமலதா வடிவியல் என்றாள். இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.